நாலாவது தீர்மானம்

ஆறாம் வகுப்பு படிக்கும்போது நான் ஒரு பள்ளிக்கூடத்தின் விதியை மாற்றியிருக்கிறேன். சொன்னால் என் வீட்டுக்காரர் ரொம்ப நாள் வரை நம்பியதில்லை. பெரிய மனிதர்கள் மனு எழுதி, ஆள் சேர்த்து, அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கிச் செய்கிற காரியம் அது. எனக்கு ஒரு பேனாவும், நாலு வரி எழுத இடமும், டீச்சர் வெளியே போன ஐந்து நிமிஷமும் போதுமானதாக இருந்தன. அதற்குப் பிறகு மூன்று வாரம் பயந்து செத்தேனே, அதை நான் சொல்வதில்லை.

சங்கரன்கோவிலில் எங்கள் தெரு முடிகிற இடத்தில் பள்ளிக்கூடம். ஒன்றிலிருந்து எட்டு வரை. தெரு முழுக்க விசைத்தறி என்பதால் பாடம் நடக்கும்போதும் தறிச் சத்தம் ஓடிக்கொண்டே இருக்கும். கரண்ட் போனால்தான் சார் பேசுவது முழுசாகக் காதில் விழும். அப்பா ஒரு கொட்டகையில் தறி ஓட்டினார். அம்மா அதே கொட்டகையில் தார் சுற்றினாள், அதாவது தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவுக்குள் போகிற சின்னக் குழல்களில் நூல் சுற்றித் தருகிற வேலை.

அந்த வருஷம் ஜூனில் அம்மாவைப் பள்ளி மேலாண்மைக் குழுவுக்குத் தலைவியாக்கினார்கள். படிக்கிற பிள்ளையின் தாய் ஒருத்தி தலைவியாக இருக்கவேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. ஹெச்.எம். சார் தேடியது என்னவோ வாயாடாத, கையெழுத்துப் போடத் தெரிந்த, கூப்பிட்டால் ஐந்து நிமிஷத்தில் வந்து நிற்கிற ஒரு தாயை. எங்கள் அம்மாவுக்கு இந்த மூன்று தகுதியும் இருந்தது. அப்பாவுக்கு இது பெரிய வேடிக்கை. அவள் சோற்றுப்பானையை இறக்கினால்கூட, "தலைவி அம்மா வாராவ, வழி விடுங்க" என்பார்.

மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் கூட்டம். அம்மா தலையில் ஒட்டியிருக்கும் பஞ்சைத் தட்டிவிட்டு, வேறு சேலை மாற்றிக்கொண்டு போவாள். அரைமணி நேரம் பேசுவார்கள், டீயும் பிஸ்கட்டும் வரும், கடைசியில் தீர்மான நோட்டை விரித்து வைப்பார்கள். பக்கத்தின் அடியில் எல்லாரும் கையெழுத்துப் போடவேண்டும், தலைவி என்று முத்திரை குத்திய இடத்தில் அம்மா. மேலே பக்கம் வெறுமையாக இருக்கும். என்ன தீர்மானித்தோம் என்பதை அடுத்த வாரம் சாவகாசமாக எழுதிக்கொள்வார்கள். யாருக்கும் இது தப்பாகத் தோன்றியதில்லை, எனக்கும்தான்.

சொல்லப்போனால் அந்தப் பக்கத்தை நிரப்புகிறவளே நான்தான். என் கையெழுத்து அழகாக இருக்கும். பள்ளிக்கூடத்தில் கையெழுத்து அழகாக இருக்கிற பிள்ளைக்கு வருகிற கேடுகள் தனி. கரும்பலகையில் திருக்குறள் எழுதணும், விழாவுக்கு வரவேற்புத் தட்டி எழுதணும், பெரிய டீச்சர் சொல்லச் சொல்லத் தீர்மான நோட்டும் எழுதணும். பெரிய டீச்சர் என்று நாங்கள் சொன்னது ஹெச்.எம். சாருக்கு அடுத்தபடி இருந்தவரை. அவருக்கு எழுத்து வேலை என்றால் விரல் வலிக்கும். ஹெச்.எம். ரூமில் மேஜை ஓரம் ஸ்டூல் போட்டு என்னை உட்கார வைப்பார். அவர் வாய் சொல்லும், என் கை எழுதும்.

எல்லாத் தீர்மானமும் "மாணவர் நலன் கருதி" என்று தொடங்கி "ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது" என்று முடியும். மாணவர் நலன் கருதிக் கடைசி மணியைப் பத்து நிமிஷம் முன்னால் அடிக்கத் தீர்மானித்தோம். கணக்கு சாருக்குக் கோவில்பட்டி பஸ் அந்த நேரத்தில்தான் என்பது ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். மாணவர் நலன் கருதி ஆண்டு விழாவை ஒரு வாரம் தள்ளி வைத்தோம். தலைமை தாங்க வேண்டிய ஜவுளிக்கடை முதலாளி வீட்டில் அன்றைக்கு ஒரு கல்யாணம். ஊரில் ஒரு பள்ளிக்கூடம் எப்படி நடக்கிறது, யார் சொன்னால் எது மாறும் என்பதெல்லாம் என் கைவழியாகத்தான் நோட்டுக்குப் போயிற்று. ஆனால் அதை நான் நம்பினேன். கூட்டத்தில் பேசியதைத்தான் டீச்சர் சொல்கிறார், நான் எழுதுகிறேன் என்று நினைத்தேன். நோட்டில் இருந்தால் பேசியிருக்கிறார்கள், நோட்டில் இல்லையென்றால் பேசவில்லை. எனக்கு அவ்வளவுதான் கணக்கு.

ஹெச்.எம். ரூமில் நான் உட்காரும் ஸ்டூலுக்கு நேர் எதிரே சுவரில் ஒரு ஆணி. அதில் ஒரு சாவி தொங்கும். பெண்பிள்ளைகள் கழிப்பறைச் சாவி. கட்டி இரண்டு வருஷம் ஆகியும் எங்களுக்கென்று ஒருநாளும் திறந்ததில்லை. சாயங்காலமானால் சுவர் ஏறிக் குதித்து வருகிறவர்கள் குழாயை உடைத்துவிடுகிறார்கள், கழுவிவிட ஆள் இல்லை, அதனால் பூட்டியே வைப்பது என்று விதி. யாராவது அதிகாரி வருவதாகத் தகவல் வந்தால் மட்டும் அன்று காலை திறந்து, பினாயில் ஊற்றி, கோலம் போடாத குறையாக வைப்பார்கள். அதிகாரி போனதும் சாவி ஆணிக்குத் திரும்பிவிடும்.

மற்றப் பிள்ளைகள் இன்டர்வெல்லுக்குப் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் உடைமுள் மரங்களுக்குள் போவார்கள். அந்த வருஷம் அங்கே யாரோ வீடு கட்ட ஆரம்பித்தார்கள். சாரத்தில் நின்றுகொண்டு கொத்தனார்கள் வேலை செய்வார்கள். அவர்கள் பார்த்தார்களோ இல்லையோ, எனக்குக் கால் போகவில்லை. தண்ணீர் குடிப்பதை நிறுத்தினேன். காலையில் ஒரு டம்ளர், அப்புறம் வீட்டுக்கு வந்துதான். மத்தியானத்துக்கு மேல் பெஞ்சில் ஓரிடத்தில் இருக்க முடியாது. கால்மேல் கால் போடுவேன், எழுந்து நிற்பேன், சார் அதட்டினால் உட்காருவேன், தொடையைக் கிள்ளிக்கொள்வேன். சமூக அறிவியல் வகுப்பு முழுக்க நான் எண்ணிக்கொண்டிருந்தது கடைசி மணிக்கு இன்னும் எத்தனை நிமிஷம் என்பதைத்தான். கணக்கு சாரின் கோவில்பட்டி பஸ்ஸால் எனக்கு மட்டும் உண்மையாகவே நன்மை இருந்தது.

ஆடித் தபசுத் திருவிழா முடிந்த வாரம் காய்ச்சல் வந்துவிட்டது. ஒண்ணுக்குப் போனால் எரிந்தது, அடிவயிற்றில் பிடித்து இழுத்தது. அம்மா அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். டாக்டரம்மா என் நாக்கைப் பார்த்துவிட்டு, இந்தப் பிள்ளை தண்ணீரே குடிப்பதில்லையா என்று அம்மாவைத் திட்டினார். திரும்பி வரும்போது அம்மா ஏனென்று கேட்டாள். சாவி, ஆணி, சாரம், எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன். அம்மா முந்தானையால் என் முகத்தைத் துடைத்து வீட்டில் விட்டுவிட்டுக் கொட்டகைக்குப் போய்விட்டாள்.

அடுத்த வெள்ளிக்கிழமைக்காகக் காத்திருந்தேன். என் அம்மா தலைவி. ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. கூட்டம் முடிந்து அவள் வீட்டுக்கு வந்து, சேலையை மாற்றிவிட்டு உலை வைத்தாள். நான் கேட்கவில்லை, அவளாகச் சொல்லட்டும் என்று வீம்பு. அவளும் சொல்லவில்லை. திங்கட்கிழமை டீச்சர் சொல்லச் சொல்ல எழுதினேன். முதல் தீர்மானம் சத்துணவுக் கூடத்து ஓடு மாற்றுவது, இரண்டாவது மரக்கன்று நடுவது. அவ்வளவுதான். கழிப்பறை என்ற பேச்சே இல்லை. அடியில் அம்மாவின் கையெழுத்து, ஒரு சுழி கூடக் கலையாமல்.

அம்மாமேல் எனக்கு வந்த கோபம் இன்றைக்கும் நினைவிருக்கிறது. டீச்சர்மேல் வரவில்லை, ஹெச்.எம். சார்மேல் வரவில்லை. ஆணியில் தொங்கும் சாவிக்கு எதிரே உட்கார்ந்து டீ குடித்துவிட்டு வந்திருக்கிறாளே என்று அவள்மேல்தான் வந்தது. இரண்டு நாள் அவள் பின்னிவிட்ட சடையை அவிழ்த்து நானே பின்னிக்கொண்டு போனேன். அடுத்த மாதக் கூட்டமும் அப்படியே போயிற்று.

அதற்கும் அடுத்த மாதம் டீச்சர் மூன்று தீர்மானம் சொன்னார். மூன்றாவது, பள்ளிக்கு ஒரு இரும்பு பீரோ வாங்கித் தந்த ஜவுளிக்கடை முதலாளிக்கு நன்றி. முற்றுப்புள்ளி வைக்கும்போது மூன்றாம் வகுப்பில் ஒரு பையனுக்கு மூக்கில் ரத்தம் வருகிறது என்று ஆள் ஓடி வந்தது. டீச்சர் எழுந்து போனார். ஹெச்.எம். சார் பேங்க்குக்குப் போயிருந்தார். ரூமில் நானும் சாவியும்தான்.

மூன்றாவது தீர்மானத்துக்கும் அம்மா கையெழுத்துக்கும் நடுவில் நாலு வரி இடம் இருந்தது. எனக்கு அப்போதே முட்டிக்கொண்டு இருந்தது. கால் ஆடிக்கொண்டே இருந்தது, கை மட்டும் ஆடவில்லை. நாலாவது தீர்மானம் என்று எண் போட்டேன். "மாணவியர் நலன் கருதி, பெண்கள் கழிப்பறையைப் பள்ளி வேலை நேரம் முழுவதும் பூட்டாமல் திறந்து வைக்கவும், அதற்கு ஒரு வாளியும் மக்கும் வாங்கவும் ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது." டீச்சர் வந்து நோட்டை வாங்கி மூடினார். சாயங்காலம் ஹெச்.எம். சார் எதையும் படிக்காமல் முத்திரை குத்தி, புது பீரோவுக்குள் வைத்துப் பூட்டினார்.

அதற்குப் பிறகுதான் எனக்குப் பயமே பிடித்தது. பிளேடால் சுரண்டி எடுத்துவிடலாம் என்று சாக்பீஸ் கேட்கிற சாக்கில் இரண்டு தடவை அந்த ரூமுக்குப் போனேன். பீரோ பூட்டியே இருந்தது. பியூன் அண்ணாச்சி வகுப்பு வாசலில் வந்து நின்றாலே எழுந்து நின்றுவிடுவேன். அவர் சுற்றறிக்கை கொண்டு வந்திருப்பார். அம்மாவைப் போலீஸ் பிடிக்குமா, தலைவியை ஜெயிலில் போடுவார்களா என்று அப்பாவிடம் சுற்றி வளைத்துக் கேட்டேன். "தலைவியைத் தொடமுடியாதுல்லா" என்று அவர் சிரித்தார். இருந்த கோபமெல்லாம் போய், அம்மா பக்கத்தில் வந்தாலே அழுகை வந்தது.

ஐப்பசி மழை பிடித்திருந்த ஒரு மத்தியானம், சொல்லாமல் கொள்ளாமல் ஒரு ஜீப் வந்து நின்றது. கல்வி அலுவலகத்து அதிகாரி, ஒரு அம்மா. காலையிலிருந்து மேலநீலிதநல்லூர்ப் பக்கம் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் பார்த்துவிட்டு வருகிறாராம். சேலைக்கரை எல்லாம் சேறு. அரைமணி நேரத்தில் பியூன் அண்ணாச்சி என் வகுப்பு வாசலில் வந்து நின்றார். "ஏட்டி, ஒங்க அம்மையக் கையோட கூட்டிட்டு வரச் சொல்லுதாவ. தீர்மான நோட்டப் பாக்காவ."

கொட்டகை வரைக்கும் மழையில் ஓடினேன். தறிச் சத்தத்தில் அம்மாவின் காதோரம் வாயை வைத்துச் சொல்லவேண்டியிருந்தது. அவள் குழலைப் போட்டுவிட்டு அப்படியே கிளம்பினாள். தலையில் பஞ்சு, சேலையும் வேலைச் சேலை. ஒரு சாக்கைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு இருவரும் நடந்தோம். வழியில் சொல்லிவிட வேண்டும் என்று வாய் வரை வந்தது. தெரு முழுக்கத் தறி ஓடுகிறது, மழையும் கொட்டுகிறது, ஒரு பெருங்குற்றத்தை அந்தச் சத்தத்தில் கத்தியா சொல்வது? பள்ளிக்கூட வாசலில் அவள் கையைப் பிடித்து, "அம்மா, என்னைய அடிக்காத" என்றேன். "எதுக்குட்டி அடிக்கப்போறேன்" என்று அவள் உள்ளே போனாள். நான் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

நோட்டு மேஜையில் விரித்துக் கிடந்தது. ஹெச்.எம். சார் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு இருந்தார். பெரிய டீச்சர் ஒருமுறை என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் எல்லாம் தெரிந்துபோயிற்று என்று எனக்குப் புரிந்தது. அதிகாரியம்மா நாலாவது தீர்மானத்தின்மேல் விரலை வைத்து, "இது யார் கொண்டு வந்த தீர்மானம்? உங்க ஹெச்.எம்.முக்கே ஞாபகம் இல்லேங்கிறார்" என்றார்.

அம்மா குனிந்து படித்தாள். எட்டாவது வரைக்கும் படித்தவள், ஆனாலும் நிதானமாக, உதடு அசைய அசையத்தான் படிப்பாள். படித்து முடித்ததும் நிமிர்ந்து நின்றாள். முகம் ஒரு மாதிரி மலர்ந்து போயிருந்தது. வீட்டில்கூட அவள் அவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை.

"நாந்தாம்மா சொன்னேன். ஒருதரம் இல்ல, மூணு கூட்டத்துலயும் சொன்னேன். எம்பிள்ள தண்ணி குடிக்காம கெடந்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனேம்மா. டீச்சரும் இருந்தாவ, கேளுங்க."

பெரிய டீச்சர் தலையைக் குனிந்துகொண்டு, "ஆமா மேடம், அவங்க சொன்னாங்க" என்றார். ஹெச்.எம். சாரும் அவசர அவசரமாகத் தலையாட்டினார்.

எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. எப்பேர்ப்பட்ட பொய்! என் அம்மா, வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாதவள், என்னைக் காப்பாற்றுவதற்காக அதிகாரி முகத்துக்கு நேரே கண்ணைக்கூடச் சிமிட்டாமல் பொய் சொல்கிறாள். அதற்கு டீச்சரையே சாட்சிக்கு இழுக்கிறாள். மறுத்தால் வெறும் பக்கத்தில் கையெழுத்து வாங்கிய கதை வெளியே வருமே என்று டீச்சரும் பயந்து ஒத்துக்கொள்கிறார். இப்படித்தான் நான் புரிந்துகொண்டேன். அம்மாவை அன்றைக்குப் போல அதற்குமுன் நான் நேசித்ததில்லை.

அதிகாரியம்மா எழுந்தார். "சரி, அந்த நாலாவது தீர்மானத்தை முதல்ல பார்ப்போம், சாவி எங்கே?" என்றார். ஆணியில் சாவி இருந்தது, ஆனால் பூட்டில் துரு. பியூன் அண்ணாச்சி தேங்காயெண்ணெய் விட்டுத் திறக்கும் வரைக்கும் அவர் மழையில் குடையோடு ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாறி மாறி நின்றார். கதவு திறந்ததும் ஒரு குடம் தண்ணீர் கேட்டார், உள்ளே போனார், தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். வெளியே வந்தபோது முகம் தெளிந்திருந்தது. இனிமேல் இதைப் பூட்டினால் எனக்குத் தகவல் வரணும் என்று அம்மாவைப் பார்த்துச் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

அடுத்த நாளே நீல வாளி ஒன்றும் மக்கும் வந்தன. சாவியை எட்டாம் வகுப்பு அக்காமார்களிடம் கொடுத்தார்கள். என்னைத் தீர்மான நோட்டு எழுதக் கூப்பிடுவது அத்தோடு நின்றது. பெரிய டீச்சர் விரல் வலியோடு தானே எழுதிக்கொண்டார். என்னை அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அதிகாரி வந்த அன்று சாயங்காலம் அம்மா ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவந்து என் கையில் கொடுத்து, "இனிமே பள்ளிக்கூடத்துலயும் தண்ணி குடிக்கணும், என்ன?" என்றாள். முழுச் செம்பையும் குடித்தேன். இது நமக்குள் இருக்கட்டும் என்று அவள் சொல்வதாக எடுத்துக்கொண்டேன். அதற்கப்புறம் அவள் கூட்டங்களில் வாய் ஓயாமல் பேச ஆரம்பித்தாள். சத்துணவு அரிசியில் வண்டு என்றாள், மூன்றாம் வகுப்புக்கு ஃபேன் வேண்டும் என்றாள். "எழுதுங்க டீச்சர், நீங்க எழுதுனா நடக்கும்லா" என்று கூடவே உட்கார்ந்து எழுத வைத்தாளாம். வெறும் பக்கத்தில் கையெழுத்து வாங்குவது தானாக நின்றுபோயிற்று. சொன்ன பொய்யைக் காப்பாற்ற எவ்வளவு பாடுபடுகிறாள் என்று நான் ஆச்சரியப்பட்டேன்.

போன ஜூனில் என் மகளைப் பள்ளியில் சேர்த்துவிட்டு வந்த அன்று, எல்லாரும் அம்மா வீட்டில் சாப்பிட்டோம். பள்ளிக்கூடத்துக் கழிப்பறையைப் போய்ப் பார்த்தாயா என்று அம்மா கேட்டாள். அந்தப் பேச்சில் எனக்கு வாய் நமநமத்தது. இத்தனை வருஷம் கழித்து யார் என்ன செய்துவிடப் போகிறார்கள்? பேனா, நாலு வரி இடம், மூக்கில் ரத்தம் வந்த பையன் என்று அபிநயத்தோடு சொன்னேன். அதிகாரி முன்னால் அம்மா போட்ட போட்டையும் சொன்னேன். அப்பா புரையேறும் அளவுக்குச் சிரித்தார். என் வீட்டுக்காரர் முதல்முறையாக நம்பினார்.

அம்மா சிரிக்கவில்லை. ரசச் சட்டியை வைத்துவிட்டு என்னையே பார்த்தாள்.

"நான் மூணு கூட்டத்துலயும் சொன்னேன்லா. எழுதிக்கிடுதோம் எழுதிக்கிடுதோம்னு சொல்லுவாவ. அன்னைக்கு நோட்டுல பாத்ததும், கடைசில டீச்சர் நம்ம பேச்சையும் எழுதிட்டாவளேன்னு எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா." ரசக் கரண்டியைக் கையில் எடுத்தவள் கேட்டாள். "ஏட்டி, அப்ப டீச்சர் எழுதலையா?"

நான் எழுதிய நாலாவது மட்டும்தான் அந்த நோட்டில் கூட்டத்தில் பேசியது பேசியபடி இருந்த தீர்மானம். அவள் வாயே திறக்கவில்லை என்ற கோபத்தில் அதை எழுதிய பிள்ளைக்கு இது தெரியாது. தெரியாமலே இருந்திருக்கலாம். அம்மா பதிலுக்காகக் கையில் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தாள்.